நாணயம் பார்க்கும் கண்: வஞ்சகத்தைச் சோதித்தறிந்த மரபுகள்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதியில் புழங்குகிறவர்களுக்குச் சோதித்து வாங்குவது யாரும் கற்றுத் தராமலே வந்துவிடும். மிளகை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்ப்பார்கள். அரிசியைப் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். நகையென்றால் உரைகல்லில் இழுக்காமல் விலை பேச மாட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் இந்த வீதியை வணிகத்துக்கென வளர்த்தார். தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த தமிழ் வணிகர்கள் இங்கே கடை வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் கையில் தங்கிய அறிவு இதுதான்: பார்வைக்கு நன்றாயிருப்பது போதாது.

திருவிதாங்கூர் நாணயம் புழங்கிய காலத்தில் 28 சக்கரம் ஒரு ரூபாய். வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாக எண்ணினால் பொழுது போதாது என்பதால், குழிகள் வெட்டிய மரப்பலகை ஒன்றை வைத்திருந்தார்கள். அதன்மேல் சக்கரங்களைக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக விழும். குழிகள் நிறைந்தால் கணக்குச் சரி. ஆனால் அந்தப் பலகை எண்ணும், சோதிக்காது. கள்ளச் சக்கரமும் குழியை நிறைக்கும். நல்லதா கெட்டதா என்று பார்க்கக் கண்ணும் கையும் வேண்டும்.

இன்று நம் சபைகளின் நிலையை நினைக்கும்போது அந்தப் பலகைதான் நினைவுக்கு வருகிறது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கையுயர்த்தினார்கள், எத்தனை சாட்சிகள், எவ்வளவு காணிக்கை என்று எண்ணுவதில் நாம் தேர்ந்துவிட்டோம். வந்த செய்தி யாரிடமிருந்து வந்தது, அது யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று சோதிக்கும் பழக்கமோ தேய்ந்துவருகிறது. சோதிப்பவனை அவிசுவாசி என்று பார்க்கும் மனநிலையும் வந்துவிட்டது. ஆனால் கிறிஸ்தவ மரபு முழுவதிலும் சோதிப்பது விசுவாசத்தின் கடமைகளில் ஒன்றாகவே இருந்திருக்கிறது. எகிப்திய வனாந்தரத்திலும், நம் கடற்கரையிலும், திருநெல்வேலிச் சபைகளிலும், நியூ இங்கிலாந்திலும் அந்தக் கடமையை வெவ்வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். அவர்கள் வைத்திருந்த உரைகற்களை இங்கே எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் வனாந்தரம். நாலாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தின் துறவிகளிடம் சென்று பாடம் கேட்ட யோவான் காசியான், பின்னர் தென் பிரான்சில் இருந்தபடி அந்த உரையாடல்களை எழுதி வைத்தார். அதில் மோசே என்ற முதுதுறவி சொல்வதை எந்தச் சாலை வணிகரும் உடனே புரிந்துகொள்வார். உள்ளத்தில் எழும் நினைவுகளையும் வெளியிலிருந்து வரும் போதனைகளையும் தேர்ந்த காசுக்காரர் நாணயத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும் என்கிறார் அவர். அதற்கு நாலு சோதனைகள் வைக்கிறார்.

உலோகம் பொன்தானா, பொன் பூசிய வெண்கலமா என்பது முதல் சோதனை. பக்தியின் பளபளப்போடு வரும் வெறும் பேச்சு இதில் பிடிபடும். இரண்டாவதில் உலோகம் பொன்தான், ஆனால் அதில் பதிந்திருக்கும் முகம் அரசனுடையதா, கலகக்காரனுடையதா? வேதவசனம் பொன். அதைத் தவறான நோக்கத்துக்கு வளைத்தால் கள்ளமுகம் பதிந்துவிடும். வனாந்தரத்தில் இயேசுவின் முன் வந்து நின்ற சோதனைக்காரன் சங்கீதத்தைச் சொல்லித்தான் தேவாலய உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான். மூன்றாவது, முறையான அக்கசாலையில் அடித்ததா என்பது. அளவுமீறிய உபவாசமும் உடலை ஒடுக்கும் விழிப்பும் நல்லவைபோலத் தோன்றும். மூத்தோர் வகுத்த ஒழுங்கிலிருந்து அவை பிறக்கவில்லை என்றால் ஆளை முறித்துவிடும். நாலாவது எடை. வீண்பெருமை என்ற துரு தின்றுவிட்ட நாணயம் பார்க்கச் சரியாயிருக்கும், தராசில் குறையும்.

இந்த நாலில் இரண்டாவதே மிகக் கடினமானது என்பது என் எண்ணம். பொய்யான வசனத்தைக் கண்டுபிடிக்கலாம். மெய்யான வசனத்தைப் பொய்யான காரியத்துக்குப் பயன்படுத்தும்போது வேதம் நன்றாகத் தெரிந்தவர்களும் தடுமாறுகிறார்கள். அதனால்தான் சுவிசேஷத்தில் சோதனைக்காரனுக்கு இயேசு தந்த பதில், ஒரு வசனத்தை இன்னொரு வசனத்தின் துணையோடு வாசிப்பதாக அமைந்திருக்கிறது. தனி வசனத்தைப் பிய்த்து எடுத்து நீட்டுகிறவரிடம், அதன் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, வேறெங்கே அது பேசப்படுகிறது என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு விசுவாசிக்கும் உண்டு.

காசியான் சொல்லும் ஒரு துயரக் கதை மனதை விட்டு அகலாதது. ஹெரோ என்ற துறவி 50 ஆண்டுகள் வனாந்தரத்தில் வாழ்ந்தவர். கடுந்தவத்தில் அவருக்கு நிகரில்லை. உயிர்த்தெழுதல் திருநாளில் சகோதரர்கள் கூடி உண்ணும்போதுகூட அவர் வரமாட்டார். சேர்ந்து கொஞ்சம் காய்கறி சாப்பிட்டால் தன் நோன்பு தளர்ந்ததாகிவிடும் என்ற எண்ணம். ஒளியின் தூதன் வடிவில் வந்த ஒரு தோற்றம் அவரிடம், உம்முடைய தவத்தின் பலத்தால் உமக்கு எந்த ஆபத்தும் வராது, கிணற்றில் குதித்துப் பாரும் என்றது. நள்ளிரவில் ஆழங்கிணற்றில் குதித்தார். குற்றுயிராய்த் தூக்கி எடுத்தார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார். இறக்கும்வரை அது வஞ்சகம் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் கதையில் பாவியோ சோம்பேறியோ இல்லை. உழைப்பும் வைராக்கியமும் உள்ள ஒருவர், சகோதரரோடு உட்கார்ந்து உண்ண மறுத்ததிலிருந்தே விழத் தொடங்கியிருந்தார். தனிமையில் தன்னைத் தானே அளந்துகொண்டவருக்கு எடை குறைந்ததைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

அதே உரையாடலில் செராபியோன் என்பவர் தம் இளமைக் கதையைச் சொன்னதாக வருகிறது. சிறுவனாக மடத்தில் இருந்தபோது தினமும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு காய்ந்த ரொட்டியை மடியில் ஒளித்துக்கொண்டு போய், இரவில் தனியே தின்பாராம். தின்ற இன்பத்தைவிட வேதனை பெரிது. ஆனால் நிறுத்த முடியவில்லை. ஒருநாள் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அழுதபடி ரொட்டியை எடுத்துக் கீழே போட்டுச் சொல்லிவிட்டார். அன்றோடு அந்த ஆசை அவரை விட்டுப்போயிற்று. மறைத்து வைத்தவரை அது அவரை ஆண்டது. சொன்னதும் அதன் பலம் போயிற்று.

காசியானின் ஆசான்களில் ஒருவரான எவாகிரியுஸ், 399இல் மறைந்தவர், தீய நினைவுகளை எட்டாக வகுத்தார். ஒவ்வொன்றுக்கும் பதிலாகச் சொல்லத்தக்க வசனங்களைத் தொகுத்து ஒரு கைநூலே செய்தார். அந்த எட்டில் நடுப்பகலில் வரும் சோர்வை அவர் தீட்டிய சித்திரம் எல்லாத் தொழில் செய்கிறவர்களுக்கும் பழக்கமானது: வெயில் நகரவில்லை என்று தோன்றும், இருக்கும் இடம் வெறுக்கும், வேறெங்காவது போனால் நன்றாக ஜெபிக்கலாம் என்று மனம் சொல்லும். சபை மாறிச் சபை மாறி அலைகிற நம் காலத்து மனநிலைக்கு அந்தப் பகல்நேரப் பேய் நெருங்கிய உறவு.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். சவேரியார் 1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையோரம் நடந்தார். ஒரு மாதத்தில் 10,000 பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதினார். அந்த எண்ணிக்கையைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் விசுவாசக் கோட்பாட்டையும் கட்டளைகளையும் தமிழில் மனப்பாடமாகக் கற்பித்ததையும், ஊர்களில் கணக்கப்பிள்ளைகளை வைத்து அதைத் தொடரச் செய்ததையும் அவ்வளவு நினைப்பதில்லை. கோட்பாடு நாவில் இருந்தால்தான் கள்ளப் போதனை வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கும்.

சவேரியாரின் தோழரும் இயேசு சபையைத் தோற்றுவித்தவருமான இஞ்ஞாசியார், படைவீரராய் இருந்தவர். போரில் காலொடிந்து படுத்திருந்தபோது தம் மனதைக் கவனிக்கத் தொடங்கினார். வீரக் கதைகளை எண்ணும்போது இன்பம் வரும், பிறகு உள்ளம் வறண்டுபோகும். புனிதர்களின் வாழ்வை எண்ணும்போது வந்த மகிழ்ச்சி பின்னும் நிலைத்திருக்கும். இந்தச் சிறிய கவனிப்பிலிருந்து அவருடைய முழு முறையும் வளர்ந்தது. 1548இல் திருத்தந்தை ஒப்புதல் தந்த அவருடைய ஆன்மிகப் பயிற்சி நூலில் ஆவிகளைத் தேர்ந்து தெளிவதற்கு இரண்டு தொகுதி விதிகள் உண்டு. தொடக்கநிலையாருக்கு 14, முதிர்ந்தவர்களுக்கு 8.

அவற்றில் நடைமுறைக்கு மிக உதவுவது ஒன்று: மனம் இருண்டு சோர்ந்திருக்கும் நேரத்தில், தெளிவாய் இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. இன்னொன்றில், பகைவன் ஒரு குடும்பத்துப் பெண்ணை ஏமாற்ற வருகிறவன் போன்றவன் என்கிறார். அவன் முதலில் கேட்பது, இதை உன் வீட்டில் சொல்லாதே என்பதுதான். சொல்லிவிட்டால் அவன் வேலை கெட்டுப்போகும். செராபியோனின் ரொட்டியும் இஞ்ஞாசியாரின் விதியும் ஆயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. முதிர்ந்தவர்களுக்கான விதிகளில் அவர் இன்னும் நுட்பமாகப் போகிறார். நல்லவர்களுக்குப் பகைவன் தீயதைக் காட்ட மாட்டான். நல்ல எண்ணத்தோடு தொடங்கி, மெல்லத் தன் வழிக்குக் கொண்டுபோவான். ஆகவே ஒரு நினைவின் தொடக்கத்தை மட்டும் பார்க்காமல் நடுவையும் முடிவையும் பார்க்க வேண்டும். முடிவு குறைந்த நன்மையாகவோ, மனக்கலக்கமாகவோ இருந்தால், வந்த தடத்திலேயே திரும்பி நடந்து எந்த இடத்தில் திசை மாறிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த மரபு தமிழுக்கு வரத் தாமதமாகவில்லை. இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் நம் பக்கத்துக் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. அடுத்த சில ஆண்டுகளுக்குள் பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு ஒன்றையும் அவர் தமிழில் அச்சிட்டுவிட்டார். ஜெபம் கற்பித்த கையோடு, தன்னைத் தானே விசாரித்து இன்னொருவரிடம் வாய்திறந்து சொல்வதையும் கற்பித்தாக வேண்டும் என்று அந்த முதல் தலைமுறைக்கே தெரிந்திருந்தது.

புரொட்டஸ்டண்டு மரபு வேறு பாதையில் இதே வேலையைச் செய்தது. அது விதிகளாக வகுப்பதைவிட, கதையாகச் சொல்லியது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட யாத்திரிகனின் கதை தமிழில் உரைநடையாக வந்து வீடுதோறும் வாசிக்கப்பட்டது. அதைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியம் செய்தார். 1894இல் நூலாக வந்தது. கிருஷ்ணபிள்ளை நம் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் என்பதை இங்கே நினைவூட்டுவதில் எனக்கு மகிழ்ச்சி. வைணவத் தமிழில் ஊறி, கம்பனைப் படித்து வளர்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற அவர், ஆத்துமவிசாரி என்ற பயணியை மோட்ச நகரை நோக்கி நடக்கவிடுகிறார். வழியில் மாயாபுரி என்ற சந்தை குறுக்கிடுகிறது. எல்லாம் விற்கப்படும் அந்த ஊரைத் தவிர்த்து வேறு பாதை இல்லை. அதன் வழியேதான் போக வேண்டும், வாங்காமல் போக வேண்டும். கடைவீதியிலேயே வாழ்வைக் கழிக்கிற சாலைக் கிறிஸ்தவனுக்குச் சோதனையைப் பற்றி இதைவிட நெருக்கமாகச் சொன்ன தமிழ் நூல் எனக்குத் தெரியாது.

தென் திருவிதாங்கூரில் 1806 முதல் பணி செய்த மிஷனரி ரிங்கல்தௌபே, மயிலாடியில் மகாராசன் வேதமாணிக்கத்தோடு சேர்ந்து சபை கட்டியவர். வரிச்சுமையும் ஊழியம் என்ற கூலியில்லாக் கட்டாய வேலையும் நசுக்கிய மக்கள் கூட்டமாய் வந்தபோது, உலக நன்மையை மட்டும் நாடி வருகிறவர்களைச் சேர்ப்பதில் அவர் மிகவும் தயங்கினார். எண்ணிக்கை வேண்டுமென்றால் வாசலை அகலத் திறந்திருக்கலாம். ஒடுக்கப்பட்டவர்கள் விடுதலை தேடி வந்ததில் குற்றமில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மிஷனரி தானே அந்த ஆசையை வளர்த்து ஆள் சேர்க்கவில்லை என்பது அவருடைய நேர்மை. இயேசுவுக்கு வந்த, கல்லை அப்பமாக்கு என்ற முதல் சோதனை, பசித்தவனைவிடப் பசித்தவனுக்கு அப்பம் காட்டி ஆள்சேர்க்கிறவனுக்கே பெரிய சோதனை.

இப்போது நம் வரலாற்றில் நாம் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பக்கத்துக்கு வருகிறேன். மிஷனரி ரேனியுஸிடம் கற்று, ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ் என்ற மிஷனரியோடு பழகி, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கிறிஸ்தியான்பேட்டையை அமைத்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் ஊழியத்தில் 1860இல் ஒரு பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. ஜனங்கள் மார்பில் அடித்து அழுதார்கள், நடுங்கினார்கள், பாவங்களை வெளிப்படையாக அறிக்கையிட்டார்கள், தரிசனங்கள் சொன்னார்கள். மிஷனரிகளில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் அஞ்சினார்கள். அந்த அலை திருவிதாங்கூருக்குள்ளும் வந்தது. 1873 வாக்கில் நடுத் திருவிதாங்கூரில் பெருகிற்று.

அந்த எழுப்புதலின் முன்னணியில் இருந்தவர் வித்வான் குட்டி என்று அழைக்கப்பட்ட யுஸ்துஸ் யோசேப்பு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யனாகப் பிறந்தவர். இசையும் சமஸ்கிருதமும் கைவந்தவர். 1861இல் மாவேலிக்கரையில் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்று, சி.எம்.எஸ். சபையில் குருவானவரானார். அவர் செய்த மலையாளப் பாடல்கள் இன்றும் கேரளத் திருச்சபைகளில் உருக்கத்தோடு பாடப்படுகின்றன. 1875இல், எழுப்புதலின் உச்சத்தில், ஆறு ஆண்டுகளில் கிறிஸ்து திரும்ப வருவார் என்ற அறிவிப்பு அந்த வட்டத்தில் எழுந்தது. அதை ஏற்காத சபையிலிருந்து அவர்கள் பிரிந்தார்கள். 1881 வந்தது, குறித்த நாளும் வந்து போயிற்று. கணக்குப் பிழை என்று ஒத்துக்கொள்வதற்குப் பதிலாக, புதிய விளக்கம் சொல்லி, யுயோமயம் என்ற பெயரில் தனிச்சபை அமைத்தார்கள். 1887இல் அவர் மறைந்தார்.

அவரைக் கள்ளத் தீர்க்கதரிசி என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பணத்துக்காக அவர் எதையும் செய்யவில்லை. சாதியையும் சொத்தையும் விட்டு வந்தவர். உண்மையான மனந்திரும்புதல் அவர் கூட்டங்களில் நடந்தது. அதனாலேயே இந்த நிகழ்ச்சி பெரிய பாடம். காசியானின் மொழியில் சொன்னால் உலோகம் பொன். அதில் பதிந்த தேதிதான் அரசனுடையதல்ல. அந்த நாளையும் நாழிகையையும் யாரும் அறியார் என்று இயேசுவே சொல்லிவைத்திருக்க, கண்ணீரும் தரிசனமும் நிறைந்த கூட்டத்தில் அந்த ஒரு வாக்கியத்தை எழுந்து நினைவூட்டியவர்கள் வெளியாட்களாக எண்ணப்பட்டார்கள். உபாகமத்தின் சோதனை எளிது: சொன்னது நடக்கவில்லையென்றால் அது கர்த்தர் சொல்லாதது. அதே புத்தகம் இன்னும் கடினமான சோதனையையும் வைக்கிறது. சொன்னது நடந்தாலும்கூட, அது உன்னை வேறு தெய்வத்திடம் இழுத்தால் கேட்காதே. அற்புதம் நடந்துவிட்டது என்பதோடு சோதனை முடிவதில்லை.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே எழுதப்பட்டதுபோல் ஒரு நூல் உண்டு. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் பெரிய எழுப்புதல் நடந்தபோது, அதில் தாமே பங்குகொண்ட ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1741இல் யேல் கல்லூரியில் பேசி, அதை நூலாக்கினார். கண்ணீர், நடுக்கம், கூச்சல், மயங்கி விழுவது, தரிசனம் இவை ஆவியானவரின் செயல் என்பதற்கும் சான்றல்ல, அல்ல என்பதற்கும் சான்றல்ல என்றார். எழுப்புதலை வெறுத்தவர்களும் சரி, வியந்தவர்களும் சரி, தவறான இடத்தில் கல்லை உரசிக்கொண்டிருந்தார்கள். உரச வேண்டிய இடங்களை அவர் யோவானின் முதல் நிருபத்திலிருந்து எடுத்துக் காட்டினார்: மாம்சத்தில் வந்த இயேசுவின் மேல் மதிப்பு உயர்கிறதா, பாவத்தின் பிடி தளர்கிறதா, வேதத்தின் மேல் மரியாதை கூடுகிறதா, உண்மை வெளிச்சத்துக்கு வருகிறதா, தேவன்மேலும் அயலார்மேலும் அன்பு வளர்கிறதா. ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய பெரிய நூலில், எல்லாவற்றுக்கும் மேலான அடையாளமாக வைத்தது நீண்ட நாள் நடத்தையை. கூட்டம் முடிந்த இரவைவிட அடுத்த ஆண்டின் கணக்குப் புத்தகம் அதிகம் சொல்லும்.

எட்வர்ட்ஸைவிட ஏறத்தாழ 1600 ஆண்டுகள் முந்திய இன்னொரு கைநூல், ‘பன்னிருவர் போதனை’. அதன் சுவடி கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டது 1873இல், அதாவது நம் ஊரில் எழுப்புதல் கொதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில். அச்சாகி உலகம் அறிந்தது 1883இல். ஊர் ஊராய் வரும் தீர்க்கதரிசிகளை எப்படிச் சோதிப்பது என்று அதில் பச்சையாகச் சொல்லியிருக்கிறது. ஓரிரு நாள் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளன். புறப்படும்போது வழிக்கு அப்பம் வாங்கிக்கொள்ளலாம். பணம் கேட்டால் கள்ளன். ஆவியில் பந்தி போடச் சொல்லிவிட்டுத் தானே அதில் உட்கார்ந்து சாப்பிட்டால் கள்ளன். தான் போதிப்பதைத் தான் செய்யாதவன், போதனை சரியாயிருந்தாலும் கள்ளன். ஏழைக்குக் கொடுங்கள் என்று அவன் கேட்டால் மட்டும் யாரும் அவனை நியாயந்தீர்க்க வேண்டாம். இவ்வளவு எளிய சோதனையை இரண்டு தலைமுறைக்குள் திருச்சபை எழுதிவைக்க வேண்டி வந்திருக்கிறது.

இவற்றை இன்றைக்குப் பொருத்திப் பார்க்க அதிகத் தூரம் போக வேண்டாம். தொலைபேசியில் பெயர் சொல்லி வரும் தீர்க்கதரிசனம், குடும்பத்தில் ஒரு கட்டு இருக்கிறது என்று பயமுறுத்தி, இன்றே காணிக்கை அனுப்பினால் அவிழும் என்கிறது. அதில் அவசரம் இருக்கிறது, ரகசியம் இருக்கிறது, பணம் இருக்கிறது. பன்னிருவர் போதனையும் இஞ்ஞாசியாரும் எச்சரித்த பணமும் ரகசியமும் ஒரே அழைப்பில் இருந்தும், நாள்பூராவும் கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கிற கைகள் பணத்தை அனுப்பிவிடுகின்றன. கடன், பிள்ளையில்லாத வேதனை, தீராத நோய் இவை உள்ள வீட்டைத் தேடியே அந்த அழைப்பு வருகிறது. ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமையில்லை. அவர்கள் சுமையைச் சபை முதலில் கேட்டிருந்தால் அந்நியக் குரலைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மருந்தை நிறுத்து, விசுவாசித்தால் போதும் என்ற பேச்சு அதைவிடக் கொடியது. ரிங்கல்தௌபே பணி செய்த அதே தென் திருவிதாங்கூர் மிஷன் 1838இல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சேயைக் கொண்டு நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கிற்று. 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஏறிய டாக்டர் சாமர்வெல், இறங்கிவந்து நெய்யூரைப் பார்த்தபின் அங்கேயே தம் வாழ்நாள் பணியைக் கண்டார். கத்தியை எடுக்குமுன் ஜெபிப்பதும், ஜெபித்தபின் கத்தியை எடுப்பதும்தான் நம் மிஷன் மருத்துவமனைகளில் நாம் கண்ட கிறிஸ்தவம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தை விடச் சொல்லும் போதகர் அந்த மரபில் வரவில்லை.

கேள்வி கேட்பவரை அடக்க ஒரு வசனம் அடிக்கடி எடுக்கப்படுகிறது: அபிஷேகம் பெற்றவரைத் தொடக் கூடாது. காசியானின் இரண்டாம் சோதனைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. சவுலின்மேல் கைபோட மறுத்த தாவீது, குகையிலிருந்து வெளியே வந்து, எல்லாரும் கேட்க, சவுலின் அநியாயத்தை உரத்துச் சொன்னான். அதே தாவீது அபிஷேகம் பெற்ற அரசனாய்ப் பாவம் செய்தபோது, நாத்தான் நேரே போய் நீயே அந்த மனுஷன் என்றான். கொல்லக் கூடாது என்பதைக் கேட்கக் கூடாது என்று மாற்றியது யார்? இந்தத் திரிபு பெண்களையும் சிறுபிள்ளைகளையும் துன்புறுத்தியவர்களைக் காத்திருக்கிறது. அப்படிப்பட்ட குற்றம் சபைக்குள் பேசித் தீர்க்கும் காரியமல்ல. காவல்துறையிடம் போக வேண்டியது.

பெரியவர்களிடம் சொல் என்று மரபு சொல்லும்போது எந்தப் பெரியவர் என்ற கேள்வியும் எழும். அதற்கும் காசியானிடம் பதில் உண்டு. இச்சையின் போராட்டத்தைச் சொல்லி அழுத ஓர் இளைஞனை ஒரு கிழவர் ஏசித் துரத்தினார். மனமுடைந்து உலகத்துக்குத் திரும்பப் புறப்பட்ட அவனை அப்பொல்லோ என்ற துறவி வழியில் மறித்து, எனக்கும் இந்த வயதில் அது உண்டு என்று சொல்லித் தேற்றித் திருப்பியனுப்பினார். நரைத்த தலையைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதே, சொன்ன இரகசியத்தைக் காத்து, சொன்னவனைக் காயப்படுத்தாத ஆளைத் தேடு என்பதே அங்கே பாடம். ஒவ்வொரு சபையிலும் அப்படி இரண்டு பேராவது இருப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் மேடையில் இருப்பதில்லை.

வஞ்சகம் என்றதும் கள்ளப் போதகரை மட்டும் நினைத்துவிட்டால் நாமே தப்பித்துக்கொண்டவர்களாகிவிடுவோம். யாக்கோபு எழுதியபடி, அவனவன் தன் சொந்த இச்சையால்தான் இழுக்கப்படுகிறான். தராசில் விரல் வைப்பது, வராத சரக்குக்குப் பில் போடுவது, வேலைக்கு வந்த வெளியூர்ப் பையனுக்குக் கூலியைப் பிடித்தம் செய்வது இவையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டோடு சேர்ந்து வாழக்கூடியவை. சிறையிலும் சித்திரவதையிலும் மூன்றாண்டுகள் கழித்து 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளைக்கு, விசுவாசத்தை விட்டுவிடு, எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று வந்த சோதனை வெளிப்படையானது. அதற்கு முன்பே திருவிதாங்கூர்ப் படையிலிருந்த டச்சுக்காரர் டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொல்லியிருந்தார். நமக்கு வரும் சோதனை அவ்வளவு பெரிய குரலில் பேசாது. தினம் ஒரு ரொட்டி அளவில்தான் வரும்.

பவுல் கொரிந்தியருக்கு ஒரு ஒழுங்கு கொடுத்தார்: தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்றுபேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானித்துப் பார்க்கட்டும். முதல் பாதியை நாம் நன்றாகவே நிறைவேற்றுகிறோம். கன்வென்ஷன் தோறும் இரண்டு மூன்றுபேர் பேசுகிறார்கள். இரண்டாம் பாதிக்கு நம் நிகழ்ச்சி நிரலில் நேரமே இல்லை. ஒவ்வொரு கன்வென்ஷனும் முடிந்த அடுத்த வாரம் ஒரு மாலை, மூப்பர்களும் மாதர் சங்கத்தாரும் வாலிபரும் வேதத்தைத் திறந்துவைத்து உட்கார வேண்டும். கேட்ட செய்திகளை யாரும் கோபித்துக்கொள்ளாமல் சோதிக்க வேண்டும். சோர்ந்துபோனவர்களும் பயமுறுத்தப்பட்டவர்களும் வாய்திறந்து சொல்ல அங்கே இடம் இருக்க வேண்டும். அந்த மாலைப் பொழுதை இந்த ஆண்டு அட்டவணையிலேயே சேர்க்கும்படி இதை வாசிக்கும் ஒவ்வொரு சபைக் கமிட்டியையும் கேட்டுக்கொள்கிறேன்.